தரியா தௌலத் ஓவியமும் போர்வீரர் கோலமும்

நம் பாராமகால் நாடு 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கும்பினியார் கைக்குச் செல்லும் முன்னர் மைசூர் அரசுக்கு உரியதாயிருந்தது. அக்காலப் படைவீரர் உடையும் படைக்கலமும் எத்தகையன என அறிய விழைவோர் சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையைக் காணல் வேண்டும்.

அதன் மேற்குச் சுவரில், காஞ்சிக்கருகே 1780 செப்டம்பர் 10-இல் நிகழ்ந்த புள்ளலூர்ப் போர் தீட்டப்பெற்றுள்ளது. செஞ்சட்டைக் கும்பினிப்படை சதுரமாய் அணிவகுத்து நிற்கிறது; நடுவே பல்லக்கில் கர்னல் பெய்லி; வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது; வாளும் ஈட்டியும் ஏந்திய மைசூர்க் குதிரைவீரர் வளைத்துக்கொள்கின்றனர்.

ஆயினும் 1799-க்குப் பின் வெல்லெஸ்லியும், 1855-இல் டல்ஹவுசியும் இதனைப் புதுப்பிக்கச் செய்தனர். தம்மவர் தோல்வியைத் தாமே புதுப்பித்தது விந்தையே! எனவே வண்ணத்தை மட்டும் நம்பாது, இன்று அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ள திப்புவின் வாள்களோடும் துப்பாக்கிகளோடும் ஒப்பிட்டே ஒவ்வொரு செய்தியையும் ஏற்றல் தகும்.