பிள்ளையின் சிறுநீரகம் எத்தனை சென்ரிமீற்றர்? ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்துக் கேட்க வேண்டியவை

காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, சலம் போகும்போது பிள்ளை அழுகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், டொக்டர் பெரும்பாலும் ஒரு வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எழுதித் தருவார். ரிப்போர்ட்டில் வலது சிறுநீரகம் இத்தனை, இடது இத்தனை என்று இரண்டு எண்கள் இருக்கும். “பெரியாக்களுக்குப் பத்துக்கு மேல எண்டாங்க, என்ட புள்ளைக்கு ஏழுதானே!” என்று பயந்துபோகும் உம்மாமார் இருக்கிறார்கள். ‘நோர்மல்’ என்ற சொல்லைக் கண்டதும் அடுத்த கிளினிக்கையே விட்டுவிடும் வாப்பாமாரும் இருக்கிறார்கள். இரண்டும் பிள்ளைக்கு நல்லதல்ல. அந்த எண்ணைப் பிள்ளையின் உயரத்தோடும் முந்திய ஸ்கேனோடும் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் புரியும். அப்படிப் பார்த்து விளக்கும்படி கேட்பது உங்கள் உரிமை.

எது சரியான அளவு?

மாதம் நிறைந்து பிறந்த குழந்தையின் சிறுநீரகம் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் நீளம். ஒரு வயதில் 6.5 முதல் 7, ஐந்து வயதில் 8, பத்து வயதில் 9 அளவில் இருக்கும். வளர்ந்தவர்களுக்கு 10 முதல் 12. இவை சராசரிகள்தான். ஒரு சென்ரிமீற்றர் கூடியோ குறைந்தோ இருக்கும் நலமான பிள்ளைகளும் உண்டு. இடது சிறுநீரகம் வலதைவிடச் சற்று நீளமாக இருப்பதும் இயல்பே.

1984 இல் அமெரிக்காவில் ரோசன்பாம் குழுவினர் வெளியிட்ட அளவுகளோடு இன்றும் பல நாடுகளில் ஒப்பிடுகிறார்கள். ஆனால் ஒரே வயதுப் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் ஒரே உயரமில்லை. 2012 இல் மும்பையில் இந்தியப் பிள்ளைகளை அளந்து வெளியிட்ட ஆய்வும், சிறுநீரக நீளம் உயரத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்று காட்டியது. எனவே கட்டையான பிள்ளைக்குச் சிறுநீரகமும் கொஞ்சம் சிறிதாக இருந்தால், அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது.

எப்போது கவனம் வேண்டும்?

இரண்டு சிறுநீரகங்களுக்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தேட வேண்டும். பிள்ளை வளர்ந்தும் ஒரு சிறுநீரகம் வளராமல் நின்றால், பழைய தொற்றின் தழும்பாகவோ பிறவிக் குறையாகவோ இருக்கலாம். சலம் தேங்கி வீங்கிய சிறுநீரகம் அளவில் பெரிதாகத் தெரியும்; அது ஆரோக்கியத்தின் அடையாளம் அல்ல. ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பிள்ளை ஒற்றைச் சிறுநீரகத்துடன் பிறக்கிறது. அது இரண்டின் வேலையையும் செய்வதால் பெரிதாக வளரும். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் நலமாகவே வாழ்கிறார்கள். சலமும் இரத்த அழுத்தமும் மட்டும் ஒழுங்காகப் பார்க்கப்பட வேண்டும்.

ஸ்கேன் வலிக்காது, அதில் எக்ஸ்ரே கதிர் இல்லை. திரும்ப எடுக்கவும் பயப்பட வேண்டாம். ஆனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதை அளவு சொல்லாது. அதற்குச் சலப் பரிசோதனை, இரத்தத்தில் கிரியேற்றினின், இரத்த அழுத்தம் ஆகியவை தேவை. சலப்பையிலிருந்து சலம் மேல்நோக்கித் திரும்பும் கோளாறும் சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போகலாம்.

காரணம் தெரியாத காய்ச்சல், ஆண் பிள்ளைக்குச் சலம் சொட்டுச் சொட்டாக வருதல், காலையில் கண்ணிமை வீங்குதல், சலம் தேநீர் நிறமாக மாறுதல் ஆகியவற்றைக் கண்டால் பொறுத்திருக்க வேண்டாம். பாமசியில் கேட்டு அன்ரிபயோட்டிக் கொடுக்காதீர்கள். அதன் பிறகு எடுக்கும் சலக் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி தெரியாமல் போகலாம். டொக்டர் சொல்லாமல் ஐபுபுரோபன், டைக்குளோபெனாக் போன்ற வலி மருந்துகளும் வேண்டாம்.

உங்கள் உரிமையும் வழியும்

சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றது. அதன் 24 ஆம் உறுப்புரை பிள்ளைக்குச் சுகாதார சேவை பெறும் உரிமையைச் சொல்கிறது. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். கல்முனைப் பகுதியில் என்றால் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை ஆகியவற்றில் பிள்ளைகளுக்கான சிகிச்சை கிடைக்கிறது. மேலதிகச் சிகிச்சை தேவையென்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ, பேராதனை அல்லது கொழும்பு சிறுவர் வைத்தியசாலைக்கோ கடிதம் கேளுங்கள்.

டொக்டரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: இந்த அளவு என் பிள்ளையின் உயரத்துக்குச் சரியா? இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு? முந்திய ஸ்கேனிலிருந்து வளர்ந்திருக்கிறதா? அடுத்தது எப்போது?

தனியார் நிலையத்தில் எடுத்தால் எழுத்து ரிப்போர்ட்டையும் பற்றுச்சீட்டையும் வாங்காமல் வர வேண்டாம். அந்த நிலையங்கள் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். குறை இருந்தால் தனியார் சுகாதார சேவைகளை ஒழுங்குபடுத்தும் சபைக்கு எழுதலாம். அரச வைத்தியசாலை என்றால் முதலில் அத்தியட்சகரிடமும், பிறகு கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையிலும் எழுத்தில் கொடுங்கள். முறைப்பாட்டின் பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் ஒரே பைலில் வையுங்கள். ஒவ்வொரு கிளினிக்கிலும் உயரத்தை அளந்து எழுதச் சொல்லுங்கள். தழும்பு விழுந்த சிறுநீரகத்தைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. விழும் முன் தடுக்க வழி இருக்கிறது.