கார் கொதிக்குதா? ரேடியேட்டரை மாத்தறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

ஏற்காடு மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுதா? ஏசியை அணைச்சு, ஓரமா நிறுத்தி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. ரேடியேட்டர் மூடியில மட்டும் கை வைக்காதீங்க. உள்ளே அழுத்தத்தில் இருப்பதால் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடி பொங்கி முகத்தில் அடிக்கும். நல்லா ஆறட்டும்.

'ரேடியேட்டர் போச்சு, மாத்திடலாம்'னு மெக்கானிக் சொன்னா, முதல்ல ஃபேன் சுத்துதா, தெர்மோஸ்டாட் திறக்குதானு பார்க்கச் சொல்லுங்க. டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடும்போது இறங்கினால் பெரும்பாலும் ஃபேன்தான் காரணம். அதுக்குப் போய் புது ரேடியேட்டர் வாங்குறது தண்டம். ஹைவேயில் வேகமாகப் போகும்போதும் முள் ஏறினால் அடைப்பைச் சந்தேகிக்கலாம். உள்ளே துருவும் உப்பும் படிந்து அடைத்திருந்தாலோ, பிளாஸ்டிக் டேங்க் விரிசல்விட்டு ஒழுகினாலோ மாத்தத்தான் வேணும்.

புதுசு மாட்டிட்டு போர் தண்ணியை ஊத்தி அனுப்புற பழக்கம் இன்னும் இருக்கு. அந்த உப்பு அலுமினியத்தை அரிச்சிடும். மேனுவலில் சொன்ன கூலன்ட்டையே ஊத்தச் சொல்லுங்க. 'ஏர் எடுத்தாச்சா?'னும் கேளுங்க, உள்ளே காற்று சிக்கியிருந்தா புது ரேடியேட்டர் போட்ட வண்டியும் கொதிக்கும். மறுநாள் காலையில, இன்ஜின் ஆறியிருக்கும்போதே ரிசர்வ் டேங்க்கில் அளவு இறங்கியிருக்கானு பார்த்துடுங்க.