5 ஆயிரத்தை மிச்சம் பிடித்தால் 50 ஆயிரம் போச்சு! கார் டைமிங் பெல்ட்: எப்போது மாற்றணும்? எவ்வளவு செலவாகும்?

கோவை,

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் நடுரோட்டில் பட்டென்று நின்றுவிடும். முந்தின நாள்கூட எந்த கோளாறும் காட்டியிருக்காது. பட்டறைக்கு கட்டி இழுத்துப் போனால், டைமிங் பெல்ட் அறுந்துபோச்சு, வால்வு எல்லாம் வளைந்துபோச்சு, ஹெட்டை இறக்கணும் என்பார் மெக்கானிக். வண்டி சொந்தக்காரர் தலையில் கை வைத்து உட்காருவார்.

கடன் வாங்கி டாக்சி ஓட்டுகிறவர்களுக்கும், சீட்டுப் பணம் எடுத்து செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்களுக்கும் இது பெரிய அடி. இத்தனைக்கும் சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய வேலை இது. காலத்தோடு செய்யாததால் அரை லட்சத்தில் போய் நிற்கிறது.

டைமிங் பெல்ட் என்றால் என்ன?

என்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அது கீழே உள்ள கிராங்க் ஷாப்ட்டை சுற்றுகிறது. மேலே கேம் ஷாப்ட் இருக்கிறது. காற்று உள்ளே வரவும், புகை வெளியே போகவும் வால்வுகளை திறந்து மூடுவது இதன் வேலை. இந்த இரண்டையும் பிணைத்து ஒரே தாளத்தில் ஓட வைப்பதுதான் டைமிங் பெல்ட்.

கிராங்க் 2 சுற்று சுற்றினால் கேம் 1 சுற்று சுற்ற வேண்டும். இந்த கணக்கில் ஒரு பல் தள்ளினாலும் வண்டி சரியாக இழுக்காது.

நிமிடத்துக்கு 3 ஆயிரம் சுற்றில் என்ஜின் ஓடினால், ஒவ்வொரு வால்வும் ஒரு வினாடிக்கு 25 தடவை திறந்து மூடும். அந்த வேகத்தில் பெல்ட் அறுந்தால் கேம் ஷாப்ட் அப்படியே நின்றுவிடும். பிஸ்டன் உடனே நிற்காது. மேலே வந்து, திறந்தபடி நிற்கும் வால்வு மீது மோதும். வால்வு வளையும். சில சமயம் பிஸ்டனும் அடிவாங்கும்.

எல்லா என்ஜினிலும் இப்படி மோதாது. சில என்ஜின்களில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் போதிய இடைவெளி உண்டு. அதில் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், புது பெல்ட் போட்டால் ஓடும். ஆனால் டீசல் என்ஜினில் அழுத்தம் அதிகம் வேண்டும் என்பதால் பிஸ்டன் ரொம்ப மேலே வரை வரும். அதனால் டீசல் வண்டிக்காரர்கள்தான் ரொம்ப உஷாராக இருக்க வேண்டும்.

பேன் பெல்ட் வேற, டைமிங் பெல்ட் வேற

பலர் ஏமாறுவது இங்கேதான். பானட்டை திறந்ததும் வெளியே தெரிவது பேன் பெல்ட். ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரசரை ஓட்டுவது அது. தேய்ந்தால் கீச் கீச் என்று கத்தும். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

டைமிங் பெல்ட் மூடிக்குள் மறைந்திருக்கும். வெளியே தெரியாது. பெரும்பாலும் சத்தமும் போடாது.

பெல்ட் எல்லாம் போன வருஷம்தான் மாத்தினது என்று சொல்லி வண்டியை விற்பவர் எந்த பெல்ட்டை சொல்கிறார் என்று கேட்க வேண்டும். பில்லில் டைமிங் பெல்ட் என்று தெளிவாக எழுதியிருந்தால்தான் கணக்கு.

உங்க காரில் பெல்ட்டா, செயினா?

முதலில் இதை தெரிந்துகொள்ள வேண்டும். எல்லா காரிலும் டைமிங் பெல்ட் கிடையாது. பல கார்களில் இரும்பு செயின் இருக்கும்.

பெல்ட் உள்ளவை: 796 சிசி என்ஜின் கொண்ட மாருதி 800, ஆல்டோ, ஆம்னி. ஹூண்டாய் சாண்ட்ரோ, 1.1 லிட்டர் ஐ10. டாடாவின் பழைய இண்டிகா டீசல். 1.5 லிட்டர் டீசல் என்ஜின் கொண்ட ரெனால்ட் டஸ்டர், லோகன், மகிந்திரா வெரிட்டோ, நிசான் சன்னி, டெரானோ. போர்டு பிகோ, எகோஸ்போர்ட் டீசல். போக்ஸ்வேகன் போலோ, வென்டோ டீசல். 2.5 லிட்டர் டீசல் பழைய இன்னோவா.

செயின் உள்ளவை: மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல் என்ஜின்கள். 1.3 லிட்டர் டீசல் ஸ்விப்ட், டிசையர். டொயோட்டா எட்டியோஸ் டீசல், இன்னோவா கிரிஸ்டா. 1.2 லிட்டர் ஹூண்டாய் ஐ10.

ஒரே பெயர் வண்டியிலும் என்ஜினைப் பொறுத்து மாறும். 1.1 ஐ10-ல் பெல்ட், 1.2 ஐ10-ல் செயின். பழைய இன்னோவாவில் பெல்ட், கிரிஸ்டாவில் செயின். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று விடாமல், வண்டியோடு வந்த புத்தகத்தை பார்ப்பது நல்லது.

செயின் என்றால் கவலையே இல்லை என்றும் கிடையாது. ஆயிலை காலத்தோடு மாற்றாவிட்டால் செயின் நீளும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம் வந்தால் உடனே காட்ட வேண்டும்.

எகோஸ்போர்ட் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் போன்ற சில வண்டிகளில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும். இதற்கு கம்பெனி சொன்ன தர ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். வேறு ஆயில் ஊற்றினால் ரப்பர் உதிர்ந்து ஆயில் வழியை அடைக்கும்.

எப்போது மாற்றணும்?

வண்டிக்கு வண்டி கணக்கு மாறும். பொதுவாக 60 ஆயிரம் முதல் 1 லட்சம் கிலோ மீட்டருக்குள் மாற்றச் சொல்வார்கள். சில என்ஜின்களுக்கு அதற்கு மேலும் உண்டு. இதோடு வருடக் கணக்கும் இருக்கும். கிலோ மீட்டர், வருடம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும்.

வருடம் எதற்கு? பெல்ட் ரப்பரால் ஆனது, உள்ளே கண்ணாடி இழை நூல் ஓடும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். என்ஜின் சூடு அதை வெடிக்க வைக்கும்.

கால் டாக்சி ஒன்று தினம் 200 கிலோ மீட்டர், மாதம் 25 நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 5 ஆயிரம் கிலோ மீட்டர். ஒரே வருஷத்தில் 60 ஆயிரம் வந்துவிடும். புது பெல்ட் போட்ட ஞாபகம் மாறுவதற்குள் அடுத்த பெல்ட்டுக்கு நேரம் வந்துவிடும்.

வேலைக்கு போய்வர தினம் 20 கிலோ மீட்டர் ஓடும் வீட்டு வண்டிக்கு 60 ஆயிரம் ஓட 8 வருஷம் ஆகும். மீட்டரில் கம்மியாகத்தானே காட்டுகிறது என்று விட்டால், ரப்பர் அதுவரை தாங்கும் என்று நம்ப முடியாது.

இன்னொரு விஷயம். கல்யாண மண்டப வாசலிலும், ஏர்போர்ட்டிலும் ஏ.சி. போட்டு மணிக்கணக்கில் நிற்கும்போது மீட்டர் ஏறாது. ஆனால் என்ஜின் ஓடுகிறது, பெல்ட்டும் ஓடுகிறது. இப்படி நிற்கும் வண்டிகளுக்கு புத்தகத்தில் சொன்னதற்கு முன்னாடியே மாற்றுவது நல்லது என்கிறார்கள் மெக்கானிக்குகள்.

பழைய இன்னோவா டீசலில் பெல்ட் மாற்றும் நேரம் வந்தால் மீட்டர் போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். ஆனால் பெல்ட்டை மாற்றாமலே அந்த விளக்கை அணைத்துவிட முடியும். விளக்கு எரியவில்லை என்பதால் பெல்ட் புதுசு என்று அர்த்தமில்லை.

செலவு எவ்வளவு?

பெல்ட்டை மட்டும் மாற்றுவதில் லாபம் இல்லை. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், ஐட்லர் பேரிங் இரண்டும் அதே கிலோ மீட்டர் ஓடியவைதான். அந்த பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் அறுந்துவிடும். அதனால் எல்லாம் சேர்ந்த கிட்டாக மாற்றுவதே சரி.

பல என்ஜின்களில் வாட்டர் பம்ப்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது. பம்ப் ஒழுகினால் அடுத்த முறை பெல்ட் முழுவதையும் திரும்ப கழற்ற வேண்டும், கூலி இரண்டு மடங்கு. பம்ப், ஆயில் சீல் நிலைமையை அப்போதே பார்த்துவிட வேண்டும்.

வெளி பட்டறைகளில் ஆகும் செலவு சுமாராக:

* சின்ன பெட்ரோல் கார்: ரூ.3 ஆயிரம் முதல் ரூ.6 ஆயிரம்
* 1.4, 1.5 லிட்டர் டீசல் கார்: ரூ.8 ஆயிரம் முதல் ரூ.15 ஆயிரம்
* போலோ, வென்டோ போன்ற டீசல் கார்: ரூ.15 ஆயிரத்துக்கு மேல், வாட்டர் பம்ப் சேர்ந்தால் இன்னும் கூடும்

கம்பெனி சர்வீஸ் சென்டரில் இதைவிட கூடுதலாகும். கூலிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். ஊருக்கு ஊர், பட்டறைக்கு பட்டறை மாறும் என்பதால் இரண்டு இடத்தில் கேட்டு முடிவு செய்யலாம். பெரும்பாலான வண்டிகளுக்கு அரை நாள் முதல் ஒரு நாள் வேலை.

அறுந்துவிட்டால்? ஹெட்டை இறக்கணும். வால்வு, கேஸ்கட் மாற்றணும். லேத்துக்கு அனுப்பணும். அதற்கு மேல் புது பெல்ட் கிட். சின்ன பெட்ரோல் காருக்கே ரூ.15 ஆயிரம், ரூ.25 ஆயிரம் என்று போகும். டீசல் என்றால் ரூ.40 ஆயிரத்துக்கு குறையாது. பிஸ்டனும் அடிவாங்கியிருந்தால் லட்சத்தை தொடும். வண்டி ஒரு வாரம், பத்து நாள் பட்டறையில் கிடக்கும். டாக்சிக்காரருக்கு வருமானம் நிற்கும், மாதத் தவணை நிற்காது.

கணக்கு போட்டால் பெல்ட் செலவு பெரிசே இல்லை. ரூ.10 ஆயிரம் செலவு செய்து 60 ஆயிரம் கிலோ மீட்டர் ஓட்டினால், கிலோ மீட்டருக்கு வெறும் 17 பைசா.

இன்சூரன்ஸ் தருமா?

தராது. பம்பர் டு பம்பர் எடுத்திருந்தாலும் சரி, சாதாரண பாலிசியாக இருந்தாலும் சரி, தேய்மானம், தானாக வரும் மெக்கானிக்கல் கோளாறு இதற்கெல்லாம் பணம் கிடையாது. என்ஜினுக்கு என்று தனியாக எடுக்கும் பாலிசியும் பெரும்பாலும் தண்ணீர் புகுவது, அடிபட்டு ஆயில் ஒழுகுவது போன்றவற்றுக்குத்தான்.

மலைப்பாதையில் அறுந்தால் ஆபத்து

பணம் மட்டும் இல்லை, உயிர் விஷயமும் இதில் இருக்கிறது. என்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கல் மாதிரி கனக்கும். பிரேக் இரண்டு மூன்று மிதிக்கு பிறகு கட்டை மாதிரி ஆகிவிடும். 40 கொண்டை ஊசி வளைவு உள்ள வால்பாறை ரோட்டில் குடும்பத்தோடு இறங்கும்போது இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படி நடந்தால் பதறாமல் பிரேக்கை ஒரே அழுத்தாக, பலமாக மிதித்து ஓரம் கட்ட வேண்டும். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. நின்றதும் ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்கு கல் வைக்க வேண்டும்.

வண்டி நின்ற பிறகு செல்ப் அடிக்கும்போது என்ஜின் வழக்கத்தைவிட லேசாக, வேகமாக சுற்றினால் பெல்ட் போயிருக்கலாம். அதற்கு மேல் செல்ப் அடிக்கக் கூடாது, தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் கூடாது. மிச்சம் இருக்கும் வால்வும் வளையும். கட்டி இழுப்பதாக இருந்தால் கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் கவனிக்க

மீட்டரை பார்த்து முடிவு செய்யக் கூடாது. மீட்டரை குறைத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். டைமிங் பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா, அதில் தேதி, கிலோ மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பெல்ட் செலவை சொல்லி விலையில் குறைத்துக்கொண்டு, வண்டி கைக்கு வந்ததும் முதல் வேலையாக மாற்றிவிடலாம்.

பட்டறையில் விடும்போது

* டூப்ளிகேட் பெல்ட் மார்க்கெட்டில் உண்டு. கம்பெனி ஸ்பேர் கடையிலோ, பெல்ட் கம்பெனியின் டீலரிடமோ பில்லோடு வாங்க வேண்டும்.

* கழற்றிய பழைய பெல்ட், பேரிங்கை கேட்டு வாங்கிப் பாருங்கள். வெடிப்பு, பல் தேய்மானம், ஆயில் ஈரம் இருந்தால் தெரியும். ஆயில் ஈரம் இருந்தால் சீல் ஒழுகுகிறது, அதை சரி செய்யாமல் புது பெல்ட் போட்டால் அதுவும் சீக்கிரம் போகும்.

* மாட்டி முடித்ததும் நேராக ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஸ்பேனர் போட்டு என்ஜினை கையால் 2 சுற்று சுற்றி, மார்க் சரியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே செல்ப் அடிக்க வேண்டும். இதை செய்கிற மெக்கானிக்கை நம்பலாம்.

* மாற்றிய தேதி, கிலோ மீட்டர், அடுத்து மாற்ற வேண்டிய கிலோ மீட்டர் மூன்றையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானட்டுக்குள் ஒட்டச் சொல்லுங்கள்.

டயர் தேய்ந்தால் கண்ணுக்கு தெரியும். பிரேக் தேய்ந்தால் சத்தம் கேட்கும். டைமிங் பெல்ட் அப்படி சொல்லிவிட்டு அறுவதில்லை. அந்த ஸ்டிக்கரில் உள்ள தேதியும் கிலோ மீட்டரும்தான் அதற்கு எச்சரிக்கை. உங்கள் வண்டியில் கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியவில்லையா? அடுத்த லாங் டிரிப்புக்கு முன்னாடி ஒரு எட்டு பட்டறைக்கு போய்விட்டு கிளம்புங்கள்.