எடைக் குறைப்பு அறுவைக்குப் பிந்தைய 'உட்குடல் நுழைவு': கலைச்சொல் நோக்கு

முன்னுரை

1918இல் ஐடா ஸ்கடர் மகளிர்க்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கிய வேலூரும், தோல் தொழிலால் அறியப்படும் ஆம்பூரும் அடங்கிய வட்டாரம், அறுவை மருத்துவச் சொற்களும் தொழிலாளரின் அன்றாடத் தமிழும் சந்திக்கும் களமாகும். அங்கு வழங்கும் 'குடலிறக்கம்' என்னும் சொல், எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் நேரும் உள் ஹெர்னியாவைக் குறிக்கப் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நோயின் தோற்றம்

சேசர் ரூ பெயரால் வழங்கும் 'ஒய்' வடிவ மாற்றுவழி அறுவையில், இரைப்பையின் மேற்பகுதி சிறு பையாகப் பிரிக்கப்பட்டு, வெட்டிய சிறுகுடலின் கீழ்க்கூறு அதனோடு இணைக்கப்படும். இதனால் குடலைத் தாங்கும் நடுமடிப்பில் இடைவெளிகள் உண்டாகின்றன. அவற்றுள் ஒன்று, 1900இல் அதனை விளக்கிய வால்டர் பீட்டர்சன் பெயரைப் பெற்றுள்ளது. எடை குறையுந்தோறும் நடுமடிப்பின் கொழுப்பு கரைந்து இடைவெளி அகலும். அதனுள் நுழைந்த குடல் முறுக்கிக்கொண்டால் அடைப்பு நேரும். குருதியோட்டம் தடைபட்டால் குடல் அழுகும். அறுவை நடந்து மாதங்களோ ஆண்டுகளோ கழிந்த பின்னும் இது நேரலாம்.

சொல்லும் பொருளும்

'இறக்கம்' கீழ்நோக்கிய அசைவையும், 'பிதுக்கம்' புறத்தே தெரியும் புடைப்பையும் உணர்த்துவன. ஈரத்தோல் சுமக்கும் தொழிலாளி 'குடலிறக்கம்' எனக் கேட்டால் தொடையிடுக்கு வீக்கத்தையே எண்ணக்கூடும். உள் ஹெர்னியாவிலோ புறவீக்கம் இல்லை. உணவுக்குப் பின் விட்டுவிட்டு வரும் வயிற்று வலியும் குமட்டலுமே அறிகுறிகள். சி.டி. படத்தில் நடுமடிப்புக் குழாய்களின் சுழல் தோற்றம் துணைசெய்யும். எனினும் படம் இயல்பாக இருப்பினும் நோயை விலக்கிவிட இயலாது. கருவுற்ற பெண்ணிடம் இவ்வலியும் வாந்தியும் மசக்கையெனக் கருதப்படின் காலம் தாழும். வீக்கமில்லை என்பதால் நோயில்லை என்னும் முடிவுக்குச் சொல்லே வழிவகுத்துவிடுகிறது.

'நுழைவு' என்பது இடுக்குவழிப் புகுதலைச் சுட்டுவதால் 'உட்குடல் நுழைவு' பொருத்தமுடையது. குடலின் ஒருபகுதி மற்றொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும் 'குடற்செருகலி'னின்றும் இது வேறுபட்டு நிற்கும்.

தடுப்பு

2016இல் லான்செட் இதழில் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வு 2,507 நோயாளரை உள்ளடக்கியது. இடைவெளிகளைத் தைத்து மூடியோரிடம் குடலடைப்புக்கான மறு அறுவை குறைந்தது. ஆயின் தொடக்கக் காலக் கடுஞ்சிக்கல்கள் சற்று மிகுந்தன.

முடிவுரை

கலைச்சொல் நோயாளரின் முடிவையும் வழிநடத்துவது. ஆகவே மருத்துவமனை அறிவுரைத் தாள்களில் 'உட்குடல் நுழைவு' என்னும் சொல்லோடு, 'வீக்கம் இராது. வலி வரின் பழைய அறுவையை மருத்துவரிடம் கூறுக' என்னும் விளக்கமும் இடம்பெறல் வேண்டும்.