மரப்பாச்சியின் சிவப்பு

திருப்பதியில் படிக்கும் தமிழ் மாணவர் எவராயினும் வீட்டிலிருந்து ஒரு கட்டளை வந்தே தீரும்: "வரும்போது ஒரு ஜோடி மரப்பாச்சி வாங்கி வா." எனக்கும் வந்தது. ஆரணிப் பக்கத்தில் பிறந்து, எட்டு வயதில் பெற்றோருடன் சித்தூருக்குக் குடிவந்தவன் நான். சென்ற ஆண்டு அக்காவின் குழந்தைக்குப் பல் முளைக்கும் பருவம். கோவிந்தராஜ சுவாமி கோயிலை அடுத்த கடைவீதியில் இருநூற்றைம்பது ரூபாய்க்கு ராஜாவும் ராணியுமாக ஒரு ஜோடி வாங்கினேன். நல்ல சிவப்பு, நல்ல பளபளப்பு. பேரம் பேசி ஐம்பது ரூபாய் குறைத்த பெருமையும் சேர்ந்துகொண்டது.

அந்தப் பெருமை இரண்டு நாள்தான் நிலைத்தது. குழந்தை ராணியைக் குளிக்கும் வாளியில் போட்டது. ராணி மிதந்தாள், வாளித் தண்ணீர் ரோஜா நிறமாயிற்று. அக்கா குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தாள், நாக்கும் சிவந்திருந்தது. "எம்.எஸ்ஸி. ரசாயனம் படிக்கிறாயே, இதுகூடத் தெரியவில்லையா?" என்றாள். அந்தக் கேள்வியின் விளைவே இக்கட்டுரை.

மரப்பாச்சி என்பது செம்மரத்தின் வயிரத்தில் செதுக்கும் பொம்மை. செம்மரத்தைச் செஞ்சந்தனம் என்றும் சொல்வார்கள். ஆயினும் வாசனைச் சந்தனத்துக்கும் இதற்கும் உறவில்லை. இது வேங்கை மரத்தின் இனம். கிழக்கு மலைத்தொடரின் தென்பகுதியில், சேஷாசலம், வேலிகொண்டா முதலிய மலைகளிலும் அவற்றை ஒட்டிய காடுகளிலுமே இயற்கையாக வளர்கிறது. உலகத்தில் வேறெங்கும் இதற்குச் சொந்தக் காடு கிடையாது. மரத்தின் வெளிப்பகுதி வெளுத்திருக்கும். நடுவிலுள்ள வயிரம் மட்டுமே சிவப்பு. அந்த வயிரம் ஏறப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

சாதாரணக் கட்டை ஏன் மிதக்கிறது? மர இழையின் சுவர்ப்பொருள் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனமானது. ஆனால் இழைகளுக்குள் இருக்கும் காற்று கட்டையை மிதக்க வைக்கிறது. செம்மர வயிரத்தில் இழைகள் தடித்து நெருங்கியுள்ளன; அவற்றில் பிசினும் நிறப்பொருளும் ஏறியிருக்கின்றன. ஆகவே அது தண்ணீரில் மூழ்கும். நிறம் தருவது சான்டலின் என்ற பொருள். அது தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது; சாராயத்தில் உடனே கரையும். "கல்லில் இழைத்தால் சிவப்புக் குழம்பு வருகிறதே?" என்று கேட்பீர்கள். அது கரைசல் அன்று, நுண்ணிய மரத்தூள். அசையாமல் வைத்தால் பெரும்பகுதி அடியில் படிந்துவிடும்.

இதைப் புத்தகத்தில் படித்ததோடு நில்லாமல், பாட்டியின் பழைய மரப்பாச்சியை எடுத்து அதே வாளியில் போட்டேன். கல்லைப்போல் அடியில் போய் உட்கார்ந்தது. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பாட்டி காணாத சமயம் அதன் அடியில் ஒரு சிம்பு பெயர்த்து, ஆராய்ச்சிக்கூடத்தில் ஆல்கஹாலில் இட்டேன். சில நிமிஷங்களில் குழாய் முழுவதும் இரத்தச் சிவப்பு. கடைப்பொம்மையின் சாயம் உரிந்த இடத்திலோ வெளுத்த மரம் பல்லிளித்தது. ஏதோ மென்மரத்தைச் செதுக்கிச் சாயத்தில் தோய்த்து, மேலே வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். கடையில் நின்று ஆல்கஹால் சோதனை செய்ய முடியாது. கையில் கனம் பார்க்கலாம். நனைந்த வெள்ளைத் துணியால் பொம்மையின் அடிப்பாகத்தை அழுத்தித் தேய்க்கலாம். துணி சிவந்தால் குழந்தையின் கையில் கொடுக்க வேண்டாம். வார்னிஷ் கெட்டியாக இருந்தால் இச்சோதனையும் ஏமாற்றும் என்பதை நினைவில் வையுங்கள்.

உண்மைப் பொம்மை எங்கே போயிற்று? அதைத் தேடிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காளஹஸ்தி பஸ் ஏறி ஏர்ப்பேட்டில் இறங்கி, மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற மாதவமாலா கிராமத்துக்குப் போனேன். வீட்டுக்கு வீடு உளிச்சத்தம். தேக்கில் வேங்கடேசரும் விநாயகரும் உருவாகிக்கொண்டிருந்தனர். ஒரு திண்ணையில் முதியவர் ஒருவர் இருந்தார். என் தெலுங்கைக் கேட்டதும் சிரித்து, "தமிழிலேயே பேசு, தம்பி" என்றார்.

அவர் சொல்லிய பிறகே மரப்பாச்சியின் உருவம் எனக்கு விளங்கிற்று. கை ஏன் உடம்போடு ஒட்டியிருக்கிறது? வயிரம் கடினமானது, ஆனால் இழையோடு பிளக்கும். கையைத் தனியே பிரித்தால் முதல் முறை கீழே விழும்போதே ஒடிந்துவிடும். முதுகு ஏன் தட்டையாக இருக்கிறது? அறுத்த பலகையின் முகம் அது. அதைக் குடைந்தால் மரமும் வேலையும் வீண். வாய்ச்சியால் உருவம் பிடித்து, உளியால் கழுத்தும் இடுப்பும் இறக்கி, அரத்தால் இழைத்து, கடைசியில் எண்ணெய் தடவுவார்கள். ஆணியில்லை, பசையில்லை, வர்ணமில்லை. கடிக்கிற குழந்தைக்காகவே கண்டுபிடித்ததுபோல் இருக்கிறது! "ஒரு ஜோடிக்கு ஒரு பகல். அதற்குள் உளியை நாலு தடவை தீட்டணும்" என்றார்.

"இப்போது செய்கிறீர்களா, தாத்தா?"

"மரத்துக்கு எங்கே போவேன்?"

அவர் கணக்கு எளிது. காட்டுமரத்தை யாரும் வெட்டக் கூடாது. வனத்துறை பிடித்து வைத்திருக்கும் கட்டைகள் டன் கணக்கில் ஏலம் போகின்றன; பெரிய வியாபாரிகளே எடுக்க முடியும். டன் ஒரு கோடி என்று வைத்துக்கொண்டால் கிலோ பத்தாயிரம் ரூபாய். கால் கிலோ பொம்மையில் மரம் மட்டுமே இரண்டாயிரத்தைந்நூறு. மட்ட ரகம் மலிவுதான். ஆனால் அதையும் உரிய சீட்டில்லாமல் வீட்டில் வைத்திருந்தால் வழக்கு.

பொம்மை இந்தக் காட்டை அழிக்கவில்லை. துண்டுக் கட்டையே அதற்குப் போதும். விலையை ஏற்றியது வெளிநாட்டுத் தேவை. சீனத்தில் அரண்மனை மரச்சாமான்களுக்கும், ஜப்பானில் சாமிசென் என்னும் நரம்பு வாத்தியத்தின் தண்டுக்கும் இம்மரமே உயர்ந்தது. 1995இல் அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் செம்மரத்தைச் சேர்த்தனர். கள்ளக்கடத்தல் நிற்கவில்லை. அதன் கூலிகள் நம்மவர்கள். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீஸார் சுட்டதில் 20 பேர் மாண்டனர். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று போலீஸார் கூறினர். மாண்டவர் அனைவரும் தமிழ்நாட்டினர். பலர் என் சொந்த மாவட்டமான திருவண்ணாமலையைச் சேர்ந்தவர்கள். அப்போது சித்தூரில் நான் பள்ளி மாணவன். அன்று மாலை அப்பா கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தார்; எங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை.

மேல்நாட்டுக் குழந்தைக்குக் கரடிப்பொம்மை எப்படியோ, நம் குழந்தைக்கு மரப்பாச்சி அப்படி. 1902இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கட்டிவைத்த கரடியைச் சுட மறுத்தார். அது கேலிச்சித்திரமாகப் பத்திரிகையில் வரவே, அவருடைய செல்லப்பெயரைத் தாங்கி "டெடி" கரடி கடைக்கு வந்தது. ஜெர்மனியில் ஸ்டைஃப் நிறுவனம் அங்கோரா ஆட்டின் மொஹேர் உரோமத்தில் கரடி செய்தது. இன்றும் அதே மொஹேரில் ஒவ்வொன்றாகக் கையால் தைத்து, சேகரிப்போரிடம் நல்ல விலைக்கு விற்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு வசதி: ஆட்டின் உரோமத்தை ஆண்டுக்கு இரு முறை கத்தரிக்கலாம். செம்மரமும் வெட்டிய அடியிலிருந்து துளிர்க்கத்தான் செய்யும். ஆனால் அதில் வயிரம் ஏறும்போது, துளிரைப் பார்த்த தச்சன் தாத்தாவாகியிருப்பான்.

பட்டாநிலத்தில் செம்மரம் வளர்ப்போர் சித்தூர் வட்டாரத்தில் இருக்கிறார்கள். அந்த மரத்தின் சிறு துண்டுகளைச் சீட்டோடு தச்சர்களுக்குக் கிடைக்கச் செய்தால், உண்மைப் பொம்மை கொஞ்சமாவது மீளும் என்பது என் எண்ணம். முதியவரிடம் இதைச் சொன்னேன். "எழுதிப் போடு, தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, வேப்பங்கட்டையில் செதுக்கிய ஒரு ஜோடியை எடுத்து வந்தார். சாயமில்லை, வார்னிஷ் இல்லை, நிறமும் இல்லை. அறுநூறு ரூபாய். இந்த முறை பேரம் பேசவில்லை.

அம்மாவுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. "மரப்பாச்சி என்றால் சிவப்பாக இருக்க வேண்டாமா?" என்று சொல்லி, பாட்டியின் பொம்மையைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, வேப்ப ராஜா ராணியைக் கொலுப் பெட்டியில் வைத்துவிட்டாள். நான் சிம்பு பெயர்த்த இடத்தைப் பாட்டி இதுவரை கவனிக்கவில்லை.