வீட்டுக் கொட்டகையில் பிறந்த வேகக் குதிரை

ஹுத்தான் மெலிந்தாங் கடைத்தெருவில் காலை நேரத்தில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். மீன் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒன்று, பள்ளிப் பிள்ளைகள் இருவரை ஏற்றிக்கொண்டு ஒன்று, செம்பனைக் காட்டுச் சேற்றைச் சக்கரத்தில் அப்பிக்கொண்டு ஒன்று என்று மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் போகும். தோட்டத்திலும் சரி, பட்டணத்திலும் சரி, நம்மவர் வாழ்க்கை இந்த இரண்டு சக்கரங்களின் மேல்தான் ஓடுகிறது என்றால் அது மிகையாகாது.

அந்த வரிசையில் பழைய ஹோண்டா சி-70 ஒன்று தென்பட்டால், அதன் முன் சக்கரத்தைச் சற்றே குனிந்து பாருங்கள். இன்றைய வண்டிகளில் இருப்பதுபோல் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள் அங்கே இருக்கா. வளைந்த தகட்டுக் கால்கள் இரண்டு கீழே இறங்கும். அவற்றின் நுனியிலிருந்து சிறு கைகள் இரண்டு முன்னோக்கி நீண்டு சக்கரத்தைப் பிடித்திருக்கும். பள்ளத்தில் சக்கரம் விழும்போது அந்தச் சிறு கைகள் மேலும் கீழும் ஆடும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்ஸார்பரும் தகட்டுக் கால்களுக்குள்ளே மறைந்திருக்கும்.

நாம் ‘கப்சாய்’ என்று செல்லமாக அழைக்கும் வண்டியின் இந்த முன்பக்கம், மோட்டார் சைக்கிள் உலகில் வழக்கத்துக்கு மாறான ஒன்று. மாறான முன்பக்கத்தைத் தம் கையாலேயே செய்து, பெரிய தொழிற்சாலைகளையே தலைகுனிய வைத்த மனிதர் ஒருவர் இருந்தார். அவருக்குத் தொழிற்சாலை கிடையாது. வீட்டுக் கொட்டகைதான் இருந்தது. அவர் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

குழாயில் என்ன குறை?

1935-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் எண்ணெய் அடைத்த குழாய்களைக் கொண்ட முன் ஃபோர்க்கைத் தன் ஆர்-12 வண்டியில் பொருத்தி விற்பனைக்கு விட்டது. செய்வது எளிது, பார்க்கவும் அழகு. நாளடைவில் உலகமே அதைப் பின்பற்றியது.

ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. வேகமாகப் போகும்போது முன் பிரேக்கை அழுத்தினால் வண்டியின் பாரம் முழுவதும் முன்னால் சாய்கிறது. குழாய்கள் அமுங்குகின்றன, வண்டி மூக்கைக் குத்துகிறது. அதே நேரத்தில் பள்ளம் ஒன்று வந்தால், அதைத் தாங்குவதற்கு ஸ்பிரிங்கில் மிச்சம் இடமில்லை. முன் கால்களின் சாய்வும் மாறுவதால் ஹாண்டிலின் போக்கும் மாறுகிறது. போதாக்குறைக்குக் குழாய்கள் பிரேக் வேகத்தில் சிறிது வளைந்து, ஒன்றுக்குள் ஒன்று இறுகி, வழுக்க மறுக்கின்றன. நிறுத்துவது, திருப்புவது, பள்ளம் தாங்குவது என்ற மூன்று வேலைகளையும் ஒரே குழாய் மீது சுமத்தியதால் வந்த வினை இது.

நம் சி-70 இதற்கு நேர்மாறு. முன் பிரேக்கைப் பிடித்தால் அதன் மூக்கு மேலே எழும்பும். காரணம் எளிது. பிரேக் பிடிக்கும்போது சுழலும் சக்கரம் பிரேக் தட்டையும் தன்னோடு சுழற்றப் பார்க்கிறது. அந்த முறுக்கு, முன்னோக்கி நீண்ட சிறு கையைக் கீழே தள்ளுகிறது. கை கீழே போனால் வண்டி மேலே வரத்தானே வேண்டும்? வெஸ்பா ஸ்கூட்டரில் சக்கரத்தைப் பிடிக்கும் கை பின்னோக்கி நீண்டிருக்கிறது. அதனால் அங்கே அதே முறுக்கு வண்டியின் மூக்கைக் கீழே இழுக்கிறது.

ஹோண்டாவின் கப் வண்டி 1958-இல் ஜப்பானில் வெளிவந்தது. கரடுமுரடான சாலையில், ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்தியபடியே கடைப் பையன் ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் எண்ணம். அதனால்தான் கிளட்ச் பிடி இல்லாமல் செய்தார்கள். 2017-ஆம் ஆண்டில் அந்தக் குடும்பத்து வண்டிகளின் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டிவிட்டது. பினாங்கில் பஸ் பட்டறையில் உழைத்து முன்னேறிய லோ பூன் சியூ அவர்கள்தாம் ஹோண்டாவை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர். செம்மண் சாலையில் பால்வாளியையும் பிள்ளைகுட்டிகளையும் சுமந்த வண்டிக்கு இப்படி ஒரு பரம்பரை உண்டு.

பாடம் ஏறாத பையன்

இனி நம் கதாநாயகரைப் பார்ப்போம். ஜான் பிரிட்டன் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி பிறந்தவர். பள்ளியில் அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதே பெரும்பாடு. எழுதப் படிக்கத் தடுமாற வைக்கும் ‘டிஸ்லெக்ஸியா’ என்னும் குறை அவருக்கு இருந்தது. ஆனால் கையில் ஸ்பானரைக் கொடுத்தால் போதும். சிறுவயதிலேயே நண்பனோடு சேர்ந்து, கைவிடப்பட்டுக் கிடந்த பழைய இந்தியன் மோட்டார் சைக்கிளைத் தேடி எடுத்துச் சீராக்கி ஓடவிட்டவர் அவர்.

இரவுப் பள்ளியில் பொறியியல் பயின்றார். வரைபடம் தயாரிக்கும் வேலை பார்த்தார். கண்ணாடியில் கலைவிளக்குகள் செய்து விற்றார். பழைய குதிரை லாயம் ஒன்றை வாங்கிப் பல ஆண்டுகள் உழைத்து, அழகிய வீடாக மாற்றிக் குடியேறினார். அந்த வீட்டுக் கொட்டகையில்தான் உலகம் வியந்த மோட்டார் சைக்கிள் பிறந்தது.

முதலில் வேறு நிறுவனங்களின் என்ஜினைப் போட்டுப் பந்தய வண்டி செய்தார். அது மனத்துக்கு நிறைவாக இல்லை. என்ஜினையும் நாமே செய்தால் என்ன என்று துணிந்தார். கைகொடுக்க நண்பர்கள் சிலர் கூடினார்கள். பகலில் தொழில், இரவில் கொட்டகை என்று வேலை நடந்தது. வண்டியின் உருவம் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கம்பியை வளைத்து, பசை வைத்து ஒட்டி, கண்ணால் பார்த்துப் பார்த்துத் தீர்மானித்தார். அலுமினிய வார்ப்புகளைப் பதப்படுத்துவதற்கு அவர் மனைவி மண்பாண்டம் சுடும் சூளை பயன்பட்டது. வீட்டுக்கார அம்மாளின் ஆதரவு இல்லாமல் எந்தக் காரியமும் ஆகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

எலும்பில்லாத வண்டி

‘பிரிட்டன் வி-1000’ என்ற அந்த வண்டிக்கு வழக்கமான இரும்புச் சட்டமே கிடையாது. என்ஜினே முதுகெலும்பு. முன்பக்கமும் பின்பக்கமும் அதிலேயே பூட்டப்பட்டன. வெப்பம் தணிக்கும் ரேடியேட்டரை உட்காரும் இருக்கைக்கு அடியில் வைத்தார். பின் சக்கரத்துக்கான ஷாக் அப்ஸார்பரை என்ஜினுக்கு முன்னால் வைத்தார். சக்கரங்களைக்கூடக் கார்பன் நார் கொண்டு தாமே செய்தார்.

முன்பக்கம்தான் எல்லாவற்றிலும் விசேஷம். அங்கே ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய் இல்லை. கார்பன் நாரால் ஆன உறுதியான ஒரே கவை சக்கரத்தைப் பிடித்திருக்கும். அந்தக் கவையை மேலும் கீழுமாக இரண்டு முக்கோணக் கைகள் வண்டியோடு இணைக்கும். கைகள் ஏறி இறங்கிப் பள்ளத்தைத் தாங்கும். கவை திரும்பித் திசையைக் காட்டும். ஆளுக்கொரு வேலை என்று பிரித்துவிட்டதால், பிரேக் பிடித்தாலும் வண்டி அவ்வளவாக மூக்கைக் குத்தாது.

இந்த யோசனைக்கு வழிகாட்டியவர் நார்மன் ஹோசாக் என்பவர். மெக்லாரன் கார்ப் பந்தய நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர் அவர். பந்தயக் கார்களின் சக்கரம் முக்கோணக் கைகளில் தொங்குவதைப் பார்த்து, அதையே மோட்டார் சைக்கிளுக்கும் பொருத்தினால் என்ன என்று 1970-களின் இறுதியில் செய்து காட்டினார். இவருக்கும் முன்பே, எர்னி ஏர்ல்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்ட நீண்ட கைகள் கொண்ட முன்பக்கத்தை பி.எம்.டபிள்யூ 1955 முதல் 1969 வரை பயன்படுத்தியது. பக்கவண்டி பூட்டி ஓட்டுவோருக்கு அது பெரிதும் பிடித்திருந்தது.

பிரிட்டன் வண்டியின் கணக்கைக் கேளுங்கள். என்ஜின் 999 சி.சி.; வலிமை ஏறத்தாழ 166 குதிரைத்திறன்; எடையோ 138 கிலோதான். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. நம் சி-70-இன் என்ஜின் 72 சி.சி. என்பதை நினைத்துக்கொண்டால் அதன் மூர்க்கம் விளங்கும்.

1992-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டேட்டோனா பந்தயத்தில், ஆண்ட்ரூ ஸ்ட்ரௌட் ஓட்ட, இந்த வீட்டு வண்டி பேர்பெற்ற டுகாட்டி வண்டியோடு மோதிப் பார்வையாளர்களை எழுந்து நிற்க வைத்தது. வெற்றி கைக்கெட்டும் நேரத்தில் மின்சாரக் கோளாறு வந்து வண்டி நின்றது. பிரிட்டன் ஊர் திரும்பிக் கோளாறைச் சரிசெய்தார். 1994-இல் அதே டேட்டோனாவில் வெற்றி கிட்டியது.

வெற்றியும் துயரமும்

இந்தக் கதையில் இனிப்பு மட்டுமே இல்லை. அதே 1994-ஆம் ஆண்டு, மான் தீவுப் பந்தயப் பயிற்சியின்போது, பிரிட்டன் வண்டியை ஓட்டிய மார்க் ஃபார்மர் விபத்தில் உயிரிழந்தார். வேகம் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

மறு ஆண்டு, 1995 செப்டம்பர் 5-ஆம் தேதி, தோல் புற்றுநோய் ஜான் பிரிட்டனையும் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு வயது 45 தான். மனைவியையும் மூன்று குழந்தைகளையும் விட்டுச் சென்றார். மொத்தம் பத்தே வண்டிகள்தாம் உருவாயின. அவற்றில் ஒன்று இன்று வெலிங்டன் நகரிலுள்ள தே பாப்பா தேசியக் காட்சியகத்தில் இருக்கிறது.

ஹோசாக் கண்ட முன்பக்கத்தை 2004-ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ தன் கே-1200-எஸ் வண்டியில் பொருத்தியது. அதற்குள் அவருடைய காப்புரிமை காலாவதியாகிவிட்டது. 2018-இல் ஹோண்டாவும் தன் பெரிய கோல்டுவிங் வண்டிக்கு இதே வகை முன்பக்கத்தை அமைத்தது. குழாயை உலகுக்குப் பரப்பிய பி.எம்.டபிள்யூவே கைகள் கொண்ட முன்பக்கத்துக்குத் திரும்பி வந்த வேடிக்கையைப் பாருங்கள்.

நம் தம்பிமாருக்கு

ஹுத்தான் மெலிந்தாங்குக்கு அருகே ஜெண்டராத்தா தோட்டம் இருக்கிறது. ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டேனிஷ் பொறியாளர் 1906-இல் தொடங்கிய தோட்டம் அது. செம்பனைக் குலைகளை ஆலைக்குக் கொண்டுபோகச் சிறு ரயில் பாதை போட்டுப் பெயர்பெற்ற இடம். இப்படிப்பட்ட தோட்டங்களில், படிக்காத தகப்பன்மார் இரும்பை இளக்கியும் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டியும் கைத்தொழிலில் வல்லவராய் இருந்தார்கள். அவர்கள் கைவிரல் திறமை பிள்ளைகளிடம் இல்லாமல் போகுமா?

அஞ்சடிக்குப் பின்னால் பழைய வண்டியைப் பிரித்துப் போட்டு விளையாடும் பையனைப் ‘படிக்கிற புள்ள செய்யிற வேலையா இது?’ என்று விரட்டாதீர்கள். அவனிடம் நாலு விஷயங்களைச் சொல்லிக் கொடுங்கள்.

முதலாவது, அளவு. தள்ளுவண்டியின் சிறு சில்லு எப்போதும் தள்ளும் திசைக்குப் பின்னாலேயே இழுபட்டு நேராக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிளின் முன் சக்கரமும் அப்படித்தான். ஹாண்டில் திரும்பும் அச்சுக் கோட்டைத் தரைவரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் அது விழ வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இந்த இடைவெளி ஏறத்தாழ 75 முதல் 120 மில்லிமீட்டர் வரை இருக்கும். இது குறைந்தால் வண்டி வேகத்தில் தள்ளாடும். மிகுந்தால் திரும்ப அடம்பிடிக்கும். ஆகவே இரும்பை வெட்டுமுன் அட்டையிலும் மரத்திலும் செய்து, நூல் பிடித்து அளந்து பார்க்க வேண்டும். பிரிட்டனும் கம்பியிலும் பசையிலும்தானே தொடங்கினார்?

இரண்டாவது, வெல்டிங். மேலே பளபளப்பாகத் தெரியும் ஒட்டு, உள்ளே இறங்காமல் இருக்கலாம். சாமான் தாங்கி உடைந்தால் சாமான்தான் விழும். முன் ஃபோர்க் உடைந்தால் ஓட்டுபவன் பிழைப்பது அரிது. பயிற்சி பெற்றவர் கை படாமல் முன்பக்கத்தில் நெருப்பு வைக்கக் கூடாது.

மூன்றாவது, சட்டம். 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, ஜே.பி.ஜே.யின் அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றி ரோட்டில் ஓட்டுவது குற்றம். இன்சூரன்சுக்கும் ஆபத்து. நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அதில் நம் வீட்டுப் பிள்ளையும் ஒருவனாகிவிடக் கூடாது. சொந்தமாகச் செய்த முன்பக்கம், அனுமதி கிடைக்கும்வரை பட்டறையிலேயே இருக்கட்டும்.

நான்காவது, படிப்பு. ஈப்போவில் 1969-ஆம் ஆண்டு முதல் உங்கு ஓமார் பொலிடெக்னிக் இருக்கிறது. தொழிற்பயிற்சிக் கழகமும் இருக்கிறது. பொமன் கடையில் எடுபிடியாக நின்றே காலம் கழிக்காமல், கையில் ஒரு சான்றிதழையும் வாங்கிக்கொண்டால் கைத்திறனுக்கு மரியாதை கூடும், சம்பளமும் கூடும்.

உங்கள் வீட்டில் இன்னும் பழைய சி-70 இருந்தால் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரம் தரையில் படாதபடி தூக்கிவைத்து, அதை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று ஆடினால், சிறு கைகளின் புஷ்ஷோ போல்ட்டோ தேய்ந்திருக்கலாம். கழுத்துப் பேரிங் தளர்ந்திருந்தாலும் இப்படி ஆடும். எது என்று பொமனிடம் காட்டி உடனே மாற்றிவிடுங்கள். செலவு பெரிதாக இராது. பிறகு, அந்தக் கைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை மகனுக்கும், ஆம், மகளுக்கும் காட்டிக் கொடுங்கள். பாடப்புத்தகத்தில் எழுத்து ஏறாத பிள்ளைக்கு இயந்திரத்தில் பாடம் ஏறக்கூடும். ஜான் பிரிட்டனுக்கு அப்படித்தான் ஏறியது.