பல சேவைகளுக்கு ஒரே அனுமதிச் சீட்டு

களப் பணியாளர் ஒருவர் அலுவலக இணையத்தளத்தினுள் ஒரு முறை நுழைந்து, வருகைப் பதிவு, மண் ஆய்வு முடிவு, விடுப்பு மனு ஆகிய மூன்றையும் முடிக்கிறார். பார்வைக்கு ஒரே தளமாகத் தோன்றினும், உள்ளே இவை தனித்தனியே இயங்கும் மூன்று சேவைகளாக இருத்தல் கூடும். அவர் யார், எதைச் செய்ய உரிமையுடையவர் என்பதை மூன்றும் எவ்வாறு அறிகின்றன?

ஒவ்வொரு சேவையும் கடவுச்சொல்லைக் கேட்பது தொல்லை மட்டுமன்று, அபாயமும் ஆகும். ஆகவே அப்பொறுப்பு ஒரே சேவையிடம் விடப்படுகிறது. அது கடவுச்சொல்லைச் சரிபார்த்து அனுமதிச் சீட்டு ஒன்றை வழங்கும். 2015-இல் தரப்படுத்தப்பட்ட 'ஜேசன் வெப் டோக்கன்' இத்தகைய சீட்டின் வடிவங்களுள் ஒன்று. பயனரின் அடையாளம், காலாவதி நேரம் முதலியவற்றுடன் மின் கையொப்பமும் இதில் இடம்பெறும். பொதுவாக இதில் உள்ளதை எவரும் படிக்கலாம். ஆயின் ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது.

இக்கையொப்பத்தைச் சோதிக்கும் நிரலை ஒவ்வொரு சேவைக்கும் புதிதாக எழுதுவதில்லை. பொது நிரல் தொகுப்பு ஒன்றையே யாவும் எடுத்தாளுகின்றன. கவனம் தேவைப்படுவது இங்குதான். 2015-இல் அத்தகைய தொகுப்புகள் சிலவற்றில் பெரும் பிழையொன்று வெளிப்பட்டது. கையொப்ப முறையைக் குறிக்கும் இடத்தில் 'ஏதுமில்லை' என எழுதிவிட்டால், கையொப்பமே இல்லாத சீட்டையும் அவை மெய்யென ஏற்றன! முத்திரையைப் பார்க்க வேண்டிய வாயிற்காவலர், முத்திரை வேண்டுமா என்று வந்தவரையே வினவியது போன்றது இது. தொகுப்பை மட்டும் திருத்தினால் போதாது. அதைப் பயன்படுத்தும் சேவை ஒவ்வொன்றிலும் திருத்திய பதிப்பை நிறுவுதல் வேண்டும். ஒன்று விடுபடினும் அதன் கதவு திறந்தே கிடக்கும்.

இக்காரணத்தால், யார் எதைச் செய்யலாம் என்னும் விதிகளையும் தொகுப்பினுள் எழுதிவைத்தல் நன்றன்று. விதிகள் அடிக்கடி மாறுவன. கையொப்பச் சோதனை அரிதாகவே மாறுவது. விதிகளைத் தனியே ஓரிடத்தில் பேணி, சோதனையை மட்டும் தொகுப்பில் வைப்பதே தக்கது.

மற்றோர் இடரும் உண்டு. பணியாளர் மாற்றலாகிச் சென்ற பின்னரும், முன்பு வழங்கிய சீட்டு காலாவதியாகும் வரை செல்லுபடியாகலாம். அதனால் சீட்டின் ஆயுளைச் சில நிமிடங்களாகக் குறுக்கி, புதுப்பிக்க வரும்போதெல்லாம் அவருடைய நிலையை மீண்டும் பார்க்கின்றனர். பள்ளியின் பொதுக் கணிப்பொறியில் வெளியேறும் பொத்தானை அழுத்தாது எழுந்து செல்பவரின் சீட்டு, அடுத்து அமர்பவருக்கும் பயன்படக்கூடும் என்பதை ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்து காட்டலாம்.